வயதான மரத்துக்குள் என்ன மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடையாறில் எங்கள் தெருமுனையில் ஒரு புங்கமரம் இருந்தது. ஒருநாள் காலை ரம்பச் சத்தம் கேட்டு ஓடினேன். ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "வயசாயிடுச்சு சார், எப்ப வேணா விழும்" என்றார்கள். வெட்டிய அடிமரத்தைத் தடவிப் பார்த்தேன். நடுவில் பொந்து இல்லை, பூஞ்சை இல்லை. பட்டையை ஒட்டிய வளையத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன். ஞாயிறு காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், மாடித்தோட்டக்காரர்கள் என்று பத்துப் பேரோடு மரம் பார்க்கப் போவது வழக்கம். அந்தப் புங்கமரம் போன பிறகு வந்த கேள்விகள் எல்லாம் ஒன்றையே சுற்றின: மரத்துக்கு வயதாவது என்றால் என்ன? அவற்றுக்குச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மரத்துக்கும் நம்மைப் போலத்தான் வயதாகிறதா?

இல்லை. நம் உடம்பு ஒருமுறை கட்டி முடித்த வீடு மாதிரி. அதன் பிறகு பழுது பார்ப்பதுதான் வேலை. மரம் அப்படியில்லை, ஒவ்வொரு பருவத்திலும் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொண்டே போகிறது.

பிரம்மஞான சபைத் தோட்டத்தில் இருக்கும் அடையாறு ஆலமரத்துக்கு ஏறக்குறைய 450 வயது என்கிறார்கள். ஆனால் அதில் நாம் பார்க்கும் இலைகளுக்கு வயது சில மாதம். வேர்நுனிகளும் புதியவை. பட்டைக்கு அடியில் கேம்பியம் என்று ஒரு மெல்லிய உயிரடுக்கு இருக்கிறது. மரத்தைப் பருக்க வைப்பது அதுதான். அதன் செல்கள் பிரிந்து பிரிந்து புதிய திசுவைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. பொதுவாக ஒரு பெரிய மரத்தில் உண்மையிலேயே பழையது நடுக்கட்டை, அது எப்போதோ இறந்துவிட்ட பகுதி.

அந்த ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989ல் அடித்த புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. இன்று நிற்பவை விழுதுகள் ஊன்றிய தண்டுகள். "அப்படியானால் இது பழைய மரமா, புது மரமா?" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். ஒரே விதையிலிருந்து கிளம்பிய ஒரே மரபணுத் தொகுப்புதான் அந்த விழுதுகள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. அந்த வகையில் அதே மரம். ஆனால் அந்தத் தொகுப்பு ஒவ்வொரு செல்லிலும் அச்சு அசலாக அப்படியே இருக்கிறதா என்றால், இல்லை. அங்கேதான் விஷயம் தொடங்குகிறது.

மரபணு மாற்றம், எபிஜெனெடிக் மாற்றம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஓலையைப் பார்த்துப் புது ஓலையில் எழுதுகிறவர் ஓரிடத்தில் ல போட வேண்டிய இடத்தில் ள போட்டுவிட்டார். அந்த ஓலையைப் பார்த்து எழுதப்படும் எல்லா ஓலையிலும் அந்தப் பிழை தொடரும். டிஎன்ஏவில் நடக்கும் இப்படிப்பட்ட எழுத்துப் பிழைதான் சடுதி மாற்றம்.

இனி எழுத்தை விட்டுவிட்டுப் புள்ளியைப் பாருங்கள். "பல" என்ற சொல்லில் இரண்டாம் எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் "பல்" ஆகிவிடுகிறது. எழுத்து மாறவில்லை, வாசிப்பு மாறிவிட்டது. புள்ளியை எடுத்தால் பழையபடி "பல". டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் சி மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி உட்காரும். அது பெரும்பாலும் அந்த இடத்தை வாசிக்க விடாமல் அமைதிப்படுத்துகிறது. இதுதான் எபிஜெனெடிக் மாற்றங்களில் முக்கியமானது. இன்னொன்று, டிஎன்ஏ இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதக் கண்டுகளில் ஏறும் குறிகள். கண்டு இறுக்கமாகச் சுற்றியிருந்தால் அந்த மரபணு மூடிக்கிடக்கும், தளர்ந்தால் வாசிக்கப்படும்.

ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை என்பது படித்தவர்களுக்குத் தெரியும். செல் இரண்டாகப் பிரியும்போதும் அப்படித்தான்: எழுத்து சரியாகப் பிரதியாகிவிடும், புள்ளி அவ்வப்போது விட்டுப்போகும், சில சமயம் இல்லாத இடத்தில் புதிதாக விழும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்துதான்.

இத்தனை நூறு ஆண்டில் எழுத்துப் பிழைகள் எக்கச்சக்கமாகச் சேர்ந்திருக்குமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் தோல் செல்லில் வெயில் செய்கிற வேலையை நினைத்தால் நூற்றாண்டுக் கணக்கில் வெயிலில் நிற்கும் மரத்தின் கதி என்னவாகும்?

சுவிட்சர்லாந்தில் லோசான் பல்கலைக்கழக வளாகத்தில் ஓர் ஓக் மரம் இருக்கிறது. 1800ல் நெப்போலியனின் படை அந்த வழியாகப் போனபோது அது இளமரம், அதனால் நெப்போலியன் ஓக் என்றே பெயர். அதன் கீழ்க்கிளை ஒன்றிலிருந்தும் மேற்கிளை ஒன்றிலிருந்தும் இலை எடுத்து முழு மரபணுத் தொகுப்பையும் ஒப்பிட்டார்கள். மரத்துக்கு 234 வயது. 2017ல் வெளியான முடிவில் அவர்கள் உறுதிசெய்த எழுத்து மாற்றங்கள் வெறும் 17. அடுத்த ஆண்டு பிரான்ஸில் ஏறத்தாழ நூறு வயது ஓக் ஒன்றில் 46 மாற்றங்களைக் கண்டார்கள்.

கனடாவின் வான்கூவர் தீவில் 220 முதல் 500 வயதுள்ள சிட்கா ஸ்புரூஸ் மரங்களின் அடியையும் உச்சியையும் ஒப்பிட்ட ஆய்வு 2019ல் வந்தது. அந்த மரங்களின் சராசரி உயரமே 76 மீட்டர். அங்கே மதிப்பீடு ஒரு மரத்தில் ஒரு லட்சம் மாற்றங்கள் வரை போயிற்று. முரண்பாடு மாதிரித் தெரியும், ஆனால் அந்த ஊசியிலை மரத்தின் மரபணுத் தொகுப்பு ஓக்கைவிடப் பலமடங்கு பெரியது, ஆய்வு முறையும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும், ஓர் ஆண்டுக்கு ஓர் எழுத்து மாறும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பது தெளிவு.

எப்படி அவ்வளவு குறைவு?

விதைநெல்லை எடுத்து வைப்பது போல. வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள் இல்லையா? செடியின் குருத்து நுனியிலும் அப்படி ஒரு சேமிப்பு உண்டு. அங்கே புதுச் செல்களை உண்டாக்கும் திசுவுக்கு ஆக்குத்திசு என்று பெயர். அதன் நடுவில் இருக்கும் சில செல்கள் மிக மெதுவாகப் பிரிகின்றன. இலை, தண்டு எல்லாம் கட்டும் வேகமான பிரிவு அதன் ஓரத்தில் நடக்கிறது. பிரிவு குறைந்தால் பிரதியெடுப்பது குறையும், பிரதி குறைந்தால் பிழை குறையும்.

2016ல் வந்த ஓர் ஆய்வு இதை எண்ணியே காட்டியது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியிலும் தக்காளியிலும், நுனி ஆக்குத்திசுவுக்கும் இலைக்கக்கத்தில் உருவாகும் பக்க மொட்டுக்கும் இடையில் நடக்கும் செல் பிரிவுகள் ஏழு முதல் ஒன்பதுதான். பக்கக் கிளைக்கான செல்களைச் செடி ஆரம்பத்திலேயே ஒதுக்கி, பிரியாமல் அமைதியாக வைத்துவிடுகிறது. எனக்குத் தாவரவியலில் இதைவிடப் பிடித்த கண்டுபிடிப்பு அதிகம் இல்லை.

ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூக்கிறதே?

அது அந்தச் சேமிப்பிலேயே ஒரு பிழை விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம். குருத்து நுனியின் ஒரு செல்லில் எழுத்து மாறி, அந்த நுனி ஒரு கிளையாக வளர்ந்துவிட்டால் கிளை முழுவதும் மாறிவிடும். காகிதப்பூவில் மேரி பால்மர் என்ற ரகத்தைப் பார்த்திருப்பீர்கள், ஒரே செடியில் வெள்ளையும் ரோஸும் பூக்கும். செடிக்குள் இரண்டு வகைச் செல்கள் கலந்து வாழ்கின்றன. நர்சரிகளில் இரண்டு நிறத்தை ஒட்டுக்கட்டியும் விற்பார்கள், எனவே வாங்கும்போது தண்டில் ஒட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கோடு போட்ட இலையுள்ள செடிகளில் திடீரென்று முழுப்பச்சைக் கிளை கிளம்பினால் அடியோடு கிள்ளிவிடச் சொல்வார்கள். காரணம், பச்சையம் முழுதாக உள்ள கிளை வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். தொட்டிச் செடியில் கண்ணெதிரே நடக்கும் செல்களின் போட்டி அது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஒரு யூகலிப்டஸ் மரத்தை வண்டுகள் மொட்டையடித்தபோது ஒரு கிளை மட்டும் பச்சைப்பசேல் என்று தப்பித்து நின்றது. அந்தக் கிளையின் இலையில் எண்ணெய்களின் சேர்மானமே வேறு. பிற்பாடு மரபணுவைப் படித்தபோது இரு பகுதிகளுக்கும் இடையே எழுத்து மாற்றங்கள் இருப்பதும் தெரிந்தது. வயதாகும் மரம் பிழைகளைச் சுமக்கிறது என்பது உண்மை. அதில் ஒன்றிரண்டு அதற்கே உதவியாகவும் அமைந்துவிடலாம் என்பதும் உண்மை.

அந்த மாற்றம் விதைக்கும் போகுமா?

போகலாம். விலங்குகளில் இனப்பெருக்கச் செல்கள் கருவிலேயே தனியாகப் பிரிந்துவிடும், அதனால் நம் கையில் வரும் பிழை பிள்ளைக்குப் போகாது. மரத்தில் கிளை நுனியே பூவாகிறது. அந்தப் பிரெஞ்சு ஓக்கில் கிளையில் ஏற்பட்ட சில மாற்றங்கள் அதன் விதைகளிலும் இருந்தன. ஒரு நிபந்தனை உண்டு: நுனியில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, மகரந்தமும் சூல்முட்டையும் பொதுவாக இரண்டாம் அடுக்கிலிருந்து வருகின்றன. மேலடுக்கில் மட்டும் விழுந்த பிழை விதையில் ஏறாது. கோடுபோட்ட செடியின் விதை பல சமயம் வெறும் பச்சையாக முளைப்பது இதனால்தான்.

டீலோமியர் தேய்ந்தால் ஆயுள் முடியும் என்கிறார்களே, மரத்துக்கும் அதுதானா?

செல்லில் டிஎன்ஏ குரோமோசோம் என்ற கட்டுகளாக இருக்கிறது. அதன் முனையில் ஒரே வரி திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும், அந்த முனைதான் டீலோமியர். நமக்கு டிடிஏஜிஜிஜி, பெரும்பாலான தாவரங்களுக்கு ஒரு டி கூடுதலாக டிடிடிஏஜிஜிஜி. செல் பிரியப் பிரிய இந்த முனை தேயும், டீலோமரேஸ் என்ற நொதி அதை நிரப்பும். தாவரங்களில் குருத்து நுனி, வேர்நுனி, பூ என்று செல் பிரியும் இடங்களில் இந்த நொதி வேலை செய்துகொண்டே இருக்கிறது. முற்றிய இலையில் அது அடங்கிவிடும், அங்கே தேவையும் இல்லை. அராபிடாப்சிஸில் டீலோமரேஸ் மரபணுவையே கெடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் அந்தச் செடி பத்துத் தலைமுறை வரை தாக்குப்பிடித்தது, கடைசித் தலைமுறைகளில்தான் உருக்குலைந்தது. ஆகவே மரத்தின் மூப்புக்கு டீலோமியர்தான் கடிகாரம் என்று சொல்ல முடியாது.

எழுத்து அவ்வளவாக மாறவில்லை என்றால் புள்ளிகள்?

அவை மாறுகின்றன, அதுவும் ஏராளமாக. அமெரிக்காவில் சுமார் 330 வயதான ஒரு பாப்லார் மரத்தின் பல கிளைகளைப் படித்த ஆய்வு 2020ல் வந்தது. அதில் எழுத்து மாறும் வேகத்தோடு ஒப்பிட்டால் மெத்தில் புள்ளி மாறும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. மரத்தில் இரண்டு கிளைகள் எவ்வளவு காலத்துக்கு முன்பு பிரிந்தனவோ அவ்வளவுக்கு அவற்றின் புள்ளிகளும் விலகியிருந்தன. ஒரே சுவடியிலிருந்து பிரிந்த இரண்டு பிரதிகள் ஆண்டுகள் போகப்போக விலகுவது மாதிரிதான்.

இந்தச் சீரான விலகலை வைத்து வயது கணிக்கலாம். மனிதர்களுக்கு ஸ்டீவ் ஹோர்வாத் 2013ல் 353 மெத்தில் இடங்களை வைத்து இப்படி ஒரு கடிகாரம் அமைத்துக் காட்டினார். மரங்களுக்கும் அதே வழியில் முயற்சிகள் நடக்கின்றன. நம் ஊருக்கு இது ரொம்பவும் வேண்டிய ஒன்று. குளிர்நாட்டு மரத்தில் ஆண்டு வளையத்தை எண்ணிவிடலாம், சென்னை வெப்பத்தில் வளரும் ஆல், அரசு போன்றவற்றில் தெளிவான ஆண்டு வளையம் கிடைப்பதில்லை. அடையாறு ஆலமரத்திலோ தாய்த்தண்டே இல்லை. ஆனால் அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு இனத்துக்கும், நட்ட ஆண்டு தெரிந்த மரங்களை வைத்துக் கடிகாரத்தைத் தனித்தனியாகத் திருத்தி வைத்த பிறகுதான் அது பேசும்.

அந்தப் புள்ளி மாற்றங்களில் பெரும்பாலானவை மரத்துக்கு நல்லதும் செய்வதில்லை, கெட்டதும் செய்வதில்லை. காலம் போனதற்கான தழும்புகள், அவ்வளவே.

விதை போட்டு வளர்த்த மா ஏழு வருஷமாகியும் பூக்கவில்லை. பக்கத்து வீட்டு ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷமே பூத்துவிட்டதே?

பெசன்ட் நகரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மாவின் கேள்வி இது. பாவம், ஏழு வருஷம் பொறுமையாக இருந்திருக்கிறார்.

செடிக்கும் பிள்ளைப்பருவம் உண்டு. அந்தப் பருவத்தில் எவ்வளவு உரம் போட்டாலும் பூக்காது. இதைக் காவல் காப்பது மைக்ரோ ஆர்என்ஏ 156 என்ற சின்னஞ்சிறு மூலக்கூறு. இளஞ்செடியில் இது நிறைய இருக்கும், பூப்பதற்கு வழிவிடும் எஸ்பிஎல் என்ற மரபணுக்களை வாய்திறக்க விடாது. செடி வளர வளர இதன் அளவு குறைகிறது, எஸ்பிஎல் மரபணுக்கள் எழுந்துகொள்கின்றன, செடி பருவத்துக்கு வருகிறது. இலைகள் தயாரிக்கும் சர்க்கரையும் இந்தக் காவல் மூலக்கூறைக் குறைக்கிறது என்று 2013ல் கண்டார்கள். அதாவது நாலு இலை சம்பாதித்துச் சேர்த்த பிறகே செடி குடும்பம் நடத்தத் தயாராகிறது.

இது கண்ணுக்கும் தெரியும். ஊட்டித் தைலமரக் கன்றின் இலைகள் நீலம் பூத்து, காம்பில்லாமல், அகலமாக எதிரெதிரே ஒட்டியிருக்கும். அதே மரம் வளர்ந்த பிறகு அரிவாள் மாதிரி நீண்டு தொங்கும் இலைகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரே மரம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். மரபணு எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இனி ஒட்டுக்கன்றுக்கு வருவோம். ஒட்டுக்குச்சி எடுப்பது ஏற்கெனவே காய்க்கிற மரத்தின் நுனியிலிருந்து. அந்த நுனி பருவத்துக்கு வந்துவிட்ட நுனி. "நான் பெரியவன்" என்ற நிலை ஹிஸ்டோன் குறிகளின் வழியாகச் செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறி வருகிறது. அதை வெட்டி ஒரு வயதுக் கன்றின் மேல் கட்டினாலும் அது மறப்பதில்லை. வேர் குழந்தை, நுனி பெரியவர். அதனால்தான் ஓரடிக் கன்றிலேயே பூ வந்து நிற்கிறது. அந்தப் பூவை முதல் இரண்டு வருஷம் கிள்ளிவிடுங்கள், நுனிக்குத் தயார் என்றாலும் வேருக்குத் தாங்காது.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது: மரத்தை வெட்ட வேண்டாம், பூக்கும். அது இரண்டாம் வருஷம் தைமாதத்தில் பூத்தது. காய் நார் நாராக இருந்தது என்பது வேறு விஷயம், விதைக்கன்று தாயைப் போல இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அப்படியானால் முதிய மரத்தின் விதையும் முதியதாகவே பிறக்குமா?

பிறக்காது. விதை உருவாகும்போது மைக்ரோ ஆர்என்ஏ 156 மறுபடி ஏறிவிடும், எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஆனால் மெத்தில் புள்ளிகள் விலங்குகளில் அழிவது போலத் தாவரங்களில் துடைத்து அழிவதில்லை, கணிசமானவை அடுத்த தலைமுறைக்கும் போகின்றன.

ஓர் இலை எப்படி வயதாகிறது?

சென்னையில் இதைப் பார்க்க வாதாம் மரத்தடியே போதும். கல்லால் கொட்டை உடைத்துத் தின்ற வாதாமைத்தான் சொல்கிறேன். கைப்பெரிய இலை, உதிர்வதற்கு முன் நரம்புகளின் இடையே மஞ்சள் படர்ந்து, பிறகு செப்புச் சிவப்பாகிறது. ஒன்றை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பை ஒட்டிய பகுதிதான் கடைசி வரை பச்சையாக இருக்கும். காரணம், இலை தன்னிடம் இருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்றவற்றை அந்த நரம்பு வழியாகத்தான் மரத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. இலையின் நைட்ரஜனில் பெரும்பங்கு பச்சையம் இருக்கும் பசுங்கணிகங்களில் இருக்கிறது, எனவே அவற்றைத்தான் முதலில் பிரிக்கிறது.

ஆகவே இலையின் மூப்பு என்பது தேய்ந்து போவது அல்ல, திட்டம் போட்டுக் கடையைக் கட்டுவது. அதை நடத்தும் மரபணுக்களில் ஒன்றுக்கு ஓஆர்இ1 என்று பெயர். அது செயலிழந்தால் இலை நீண்ட நாள் பச்சையாக இருக்கும் என்று கண்ட கொரிய ஆய்வாளர்கள், "நீண்டு வாழ்" என்ற பொருள் வரும் கொரியச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள். இளம் இலையில் மைக்ரோ ஆர்என்ஏ 164 என்பது ஓஆர்இ1ஐ அடக்கி வைக்கிறது. நாளாக நாளாக எத்திலீன் என்ற தாவர ஹார்மோன் வழிச் செய்திகள் அந்த 164ஐக் குறைக்க, ஓஆர்இ1 எழுந்து இலையை முடித்து வைக்கிறது. இதை 2009ல் வெளியிட்டார்கள். ஒரே மரத்தில் இலைக்கு மூப்பு உண்டு, குருத்துக்கு இல்லை. இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றேதான்.

வாழை குலை தள்ளியதும் செத்துவிடுகிறதே, அதுவும் மூப்புதானா?

ஆமாம், குருத்தே பூவாகிவிட்டதால் அந்தத் தண்டுக்கு மேற்கொண்டு வளர நுனி இல்லை. ஆனால் கிழங்கில் பக்கக்கன்றுகள் காத்திருக்கின்றன, வாழையடி வாழை என்று சும்மாவா சொன்னார்கள். தாளிப்பனைக்கு அந்த வசதி இல்லை: பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே தடவை உச்சியில் பிரம்மாண்டமாகப் பூத்து, காய் முற்றியதும் முழுமரமும் பட்டுப்போகும். தென்னை பலமுறை காய்த்தாலும் அதற்கும் உச்சிக் குருத்து ஒன்றே ஒன்றுதான். காண்டாமிருக வண்டோ கூன்வண்டோ அந்தக் குருத்தைத் தின்று முடித்தால் தென்னை போயிற்று.

திசு வளர்ப்பு வாழைக்கன்றில் சில ஏன் வேறு மாதிரி வருகின்றன?

ஆய்வகத்தில் செல்களை மிக வேகமாகப் பெருக்குகிறார்கள். விதைநெல்லைக் குத்தி எடுத்துப் புழங்குவது போல. எழுத்திலும் புள்ளியிலும் பிழைகள் அந்த அவசரத்தில் சேரும். இதற்கு நல்ல உதாரணம் எண்ணெய்ப்பனை. திசு வளர்ப்புக் கன்றுகளில் சில, ஆண்டுகள் கழித்துக் காய்க்கும்போது உருக்குலைந்த காய் கொடுத்து விவசாயிகளைத் திண்டாட வைத்தன. கர்மா என்று பெயரிடப்பட்ட ஒரு தாவும் டிஎன்ஏ துண்டின் மேலிருந்த மெத்தில் புள்ளிகள் விட்டுப்போனதே காரணம் என்று 2015ல் மலேசிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எழுத்து அதேதான், போனது புள்ளி. வாழையில் நல்ல ஆய்வகங்கள் ஒரே தாய்த்திசுவிலிருந்து அளவுக்கு மேல் பெருக்குவதில்லை, கன்று வாங்குமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வருஷ வெண்டை விதை ஏன் சரியாக முளைப்பதில்லை?

காய்ந்து கிடக்கும் விதையிலும் டிஎன்ஏ உடைந்துகொண்டே இருக்கும், பழுது பார்க்கத் தண்ணீர் இல்லாததால் பாக்கி சேரும். ஈரம் பட்டதும் விதை முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று இந்தப் பழுது பார்ப்பு. பாக்கி மிஞ்சிப்போனால் முளைக்காது. சென்னையின் வெக்கையும் ஈரக்காற்றும் இதை வேகப்படுத்தும், விதையை நன்கு காயவைத்து மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஆல், அரசு மரபணுக்களைப் படித்திருக்கிறார்களா?

படித்திருக்கிறார்கள். போபால் ஐசர் நிறுவனத்தினர் 2022ல் இரண்டின் மரபணுத் தொகுப்பையும் வெளியிட்டார்கள். ஆலில் சுமார் 25,000, அரசில் சுமார் 24,000 மரபணுக்கள். வேர் வளர்ச்சி, நோய் எதிர்ப்பு, வறட்சி போன்ற இன்னல்களைத் தாங்குவது ஆகியவற்றோடு தொடர்புடைய மரபணுக்களில் பரிணாம மாற்றத்தின் தடயங்களைக் கண்டார்கள். நீண்ட ஆயுளின் அடிப்படை அங்கே இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

அப்புறம் முதிய மரம் எதனால்தான் சாகிறது?

இதற்கு நான் கொஞ்சம் அழுத்தியே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் மரம் போனது இந்தக் கேள்விக்குச் சொன்ன தப்பான பதிலால்.

சீனாவில் 15 வயது முதல் 667 வயது வரையான கிங்கோ மரங்களின் கேம்பியத்தை எடுத்து ஆராய்ந்தார்கள், முடிவு 2020ல் வந்தது. கிழமரங்களில் கேம்பியம் மெதுவாகியிருந்தது, ஆண்டு வளையம் மெலிந்திருந்தது. ஆனால் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் இளமரத்தில் போலவே வேலை செய்தன. மூப்பைத் தொடங்கி வைக்கும் மரபணுக்கள் கேம்பியத்தில் விழித்துக்கொண்டதற்கு அடையாளமே இல்லை. பிரிட்டனில் வேறு மாதிரிச் சோதித்தார்கள்: முதிய மரங்களின் நுனிகளை வெட்டி இளம் வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டினார்கள். சோர்ந்திருந்த நுனிகள் புதுத்தெம்போடு வளர்ந்தன. 2005ல் வந்த இந்த ஆய்வின்படி பெரிய மரத்தின் சோர்வுக்கு முக்கியக் காரணம் ஆண்டுக்கணக்கு அல்ல, அதன் உருவம். உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவது கஷ்டம், சுமக்க வேண்டிய உயிர்த்திசு அதிகம், காற்றுக்குக் கொடுக்கும் பரப்பும் அதிகம்.

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் வந்தபோது இந்த நகரத்தில் பல ஆயிரம் மரங்கள் விழுந்தன. மறுநாள் காலை நடந்து பார்த்தேன். சாய்ந்து கிடந்தவற்றில் இளைய குல்மோஹர்களும் பெருங்கொன்றைகளும் நிறைய. பல மரங்களின் வேர்த்தட்டு ஒரு பக்கம் கத்தியால் நறுக்கியது போல நேராக இருந்தது. மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ எப்போதோ பள்ளம் தோண்டியவர்கள் வெட்டிய பக்கம் அது. அடிமரத்தைச் சுற்றி ஒட்ட சிமென்ட் போட்டிருந்த இடங்களில் வேர் மூச்சுவிட வழியே இருக்கவில்லை. பூஞ்சை பொந்தாக்கிய மரங்களும் இருந்தன, அவற்றை முன்கூட்டியே பார்த்து வெட்டியிருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொந்து இருக்கிறதா, வேர் அறுந்திருக்கிறதா, சாய்வு கூடியிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. வயதாகிவிட்டது என்று சொல்லி வெட்டுவது வேறு.

வெட்டிய புங்கமரத்தின் அடியில் துளிர்த்திருக்கிறதே, அந்தத் தளிருக்கு என்ன வயது?

வெட்டிய மூன்றாம் வாரம் எதிர்வீட்டுச் சிறுமி என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டிவிட்டுக் கேட்ட கேள்வி. பட்டைக்கு அடியிலிருந்து பளபளவென்று செம்பு நிறத் துளிர்கள், எண்ணினோம், பதினொன்று.

நாள் கணக்கில் அந்தத் தளிருக்கு வயது இருபது நாள். அதை முளைக்கவிட்ட அடிமரம் அந்த மரத்திலேயே மிகப் பழைய இடம். ஆனால் பருவக்கணக்கில் பார்த்தால் தலைகீழ். மரம் மேலே வளர வளர நுனிதான் பிள்ளைப்பருவத்தைத் தாண்டிப் போகிறது, அடிப்பகுதி கன்றாக இருந்தபோது எந்தப் பருவத்தில் இருந்ததோ அதற்கு நெருக்கமாகவே தங்கிவிடுகிறது. அதனால் அடியிலிருந்து கிளம்பும் தளிர்கள் பல மரங்களில் இளங்கன்றின் குணத்தோடு வருகின்றன. தைலமரத்தை வெட்டி, அடியில் துளிர்ப்பதை எடுத்துக் குச்சி நடுகிறவர்களுக்கு இது தெரியும்: உச்சிக்கிளைக் குச்சியைவிட அது எளிதாக வேர்விடும்.

அவளுக்கு நான் சொன்ன பதில், "மரம் உன்னைவிடப் பெரியது, இந்தத் தளிர் உன்னைவிடச் சின்னது, இரண்டும் ஒன்றுதான்." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்பாவை அழைத்து வந்தாள். அவர் சுற்றிலும் செங்கல் அடுக்கி, குப்பைவண்டி ஏறாதபடி ஒரு கழியும் நட்டார். பதினொன்றில் மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளினோம். இப்போது உயரமானது முதல் மாடி ஜன்னலைத் தொடுகிறது. இன்னும் பூக்கவில்லை.